உஷார்! ஆட்-ஆன் இறக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் பில்லும் பேங்க்கும் இருக்கின்றன

பகலில் டேலி கணக்கு, ராத்திரியில் கேம் என்று ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருக்கிற வீடுகளுக்கு அவசரமாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திருப்பூர் நல்லூரில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. காங்கேயம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் கீழ்த்தளத்தில் பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் ஓட, மாடியில் குடும்பம் இருக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளைப் பார்க்கலாம். ஆபீஸ் ரூம் என்று ஒரு மேஜை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர். ஜிஎஸ்டி ரிட்டர்ன், இ-வே பில், மெர்ச்சண்டைசர் அனுப்புகிற மெயில், நெட் பேங்கிங், டைலர்களின் வாரச் சம்பளக் கணக்கு எல்லாம் அதில்தான். ஒன்றரை ஷிப்ட் முடிந்து மெஷின்கள் நின்ற பிறகு, அதே நாற்காலியில் காலேஜ் படிக்கிற பையனோ பெண்ணோ உட்கார்ந்து கேமைத் திறக்கிறார்கள்.

விளையாடட்டும், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரியான ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேமில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. அதைத் தெரியாத இடத்தில் செய்தால் போவது கேம் கணக்கு மட்டுமில்லை. அந்த மேஜையில் இருக்கிற தொழிலே ஆட்டம் கண்டுவிடும். ஆட்-ஆன் தேடுவதைத்தான் சொல்கிறேன்.

ஆட்-ஆன் என்றால் என்ன என்று கேட்கிற அப்பா அம்மாவுக்காக ஒரு பத்தி. இந்த கேம் 2004 நவம்பரில் வந்தது. பல ஆயிரம் பேர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுவது. திரையில் வரைபடம், பை, மந்திரப் பொத்தான்கள், உயிர்ப் பட்டை என்று ஏகப்பட்டது நிற்கும். புதிதாக வந்தவனுக்கு எது எங்கே என்றே புரியாது. அந்தத் திரையை வசதிப்படி மாற்றித் தருகிற சின்னச் சின்ன நிரல்கள்தான் ஆட்-ஆன். ஒன்று பையைச் சீராக அடுக்கிக் காட்டும், ஒன்று ஏலக்கடை விலையைச் சொல்லும், இன்னொன்று பெரிய எதிரி எப்போது அடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே கத்தும். இவற்றைக் கேம் ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தருகிறார்கள். கேம் நிறுவனமான பிளிஸார்டும் அனுமதிக்கிறது. அதாவது ஆட்-ஆன் போடுவது திருட்டு வேலை கிடையாது, ஏமாற்று வேலையும் கிடையாது. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. பயப்படாத இடத்தில்தான் வலை விரிக்கிறார்கள்.

இதில் ஒரு உண்மையை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒழுங்கான வார்கிராஃப்ட் ஆட்-ஆனால் உங்கள் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. அது லுவா என்கிற மொழியில் எழுதப்பட்டது. கேமுக்குள்ளே அடைத்துவைத்த ஒரு வட்டத்துக்குள்தான் ஓடும். உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிற கோப்புகளைப் படிக்கவோ, இன்டர்நெட்டில் யாருக்காவது எதையாவது அனுப்பவோ, வேறொரு புரோகிராமைத் திறக்கவோ அதற்கு வழி கிடையாது. தன் செட்டிங்குகளை மட்டும், அதுவும் கேம் வழியாக, ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். இந்த அடைப்பு நன்றாகவே வேலை செய்கிறது.

பின்னே ஆபத்து எங்கே? ஆட்-ஆனைச் சுற்றி இருக்கிறது. அதை இறக்குகிற தளத்தில், அதைப் போட்டுத் தருகிறேன் என்று வருகிற இன்ஸ்டாலரில், வீடியோவுக்குக் கீழே இருக்கிற லிங்க்கில், சாட்டில் ‘இதை டைப் பண்ணு தம்பி’ என்று சொல்கிற முகம் தெரியாத அண்ணனிடத்தில். ஆட்-ஆன் என்ற பெயரில் ஒரு டாட் எக்ஸ்இ கோப்பு உள்ளே வந்துவிட்டால் கேமின் அடைப்பு அதற்குப் பொருந்தாது. அது முழு விண்டோஸ் புரோகிராம். நீங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் எதையெல்லாம் பார்க்க முடியுமோ அதையெல்லாம் அதுவும் பார்க்கும்.

இது பயமுறுத்தக் கட்டிய கதையா என்று கேட்டால், 2014 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஆட்-ஆன்களை இறக்கி, அப்டேட் செய்து தர கர்ஸ் கிளையன்ட் என்று ஒரு புரோகிராம் இருந்தது. எல்லோரும் நம்பிய புரோகிராம். யாரோ அதற்கு ஒரு போலித் தளம் உண்டாக்கினார்கள். தேடுபொறியில் அந்தப் பெயரைப் போட்டால் போலித் தளமும் வந்து நின்றது. அதிலிருந்து இறக்கிய கிளையன்ட் சரியாகவே வேலை செய்தது. ஆட்-ஆன்கள் வந்தன, அப்டேட் ஆயின, ஒரு குறையும் கிடையாது. ஆனால் அதற்குள்ளே டிராஜன் என்கிற திருட்டு நிரல் ஒன்று உட்கார்ந்திருந்தது. கேமுக்குள் நுழைய பாஸ்வேர்டும், அதன்மேல் ஆத்தென்டிகேட்டர் காட்டுகிற மாறும் எண்ணும் டைப் செய்தால், அந்த நொடியிலேயே இரண்டையும் பிடித்துக்கொண்டு போனது. ‘என்னிடம் ஆத்தென்டிகேட்டர் இருக்கிறது, ஒன்றும் ஆகாது’ என்று இருந்தவர்களும் கணக்கை இழந்தார்கள். தொடக்கத்தில் ஆன்ட்டிவைரஸ்களுக்கே அது பிடிபடவில்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலில் டிஸ்கர், டிஸ்கர்64 என்ற பெயர்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது, ஏமாந்தவர்கள் யாரும் திருட்டு சாஃப்ட்வேர் தேடிப் போகவில்லை என்பது. நல்ல புரோகிராமின் சரியான பெயரைத்தான் டைப் செய்தார்கள். தேடல் முடிவில் மேலே வந்ததை அழுத்தினார்கள். நம் வீட்டுப் பையனும் அதையேதான் செய்வான்.

அசல் தளத்துக்கே போனாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பதற்கு 2023 ஜூன் சாட்சி. மைன்கிராஃப்ட் ஆடுகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் ரொம்ப அதிகம், சின்னக் குழந்தைகள்கூட ஆடுகிறார்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். கர்ஸ்ஃபோர்ஜ் என்கிற பெரிய தளத்திலும், பக்கிட் என்கிற இன்னொரு தளத்திலும், மாட் எனப்படும் கேமை மாற்றுகிற நிரல்களை எழுதுகிற சிலருடைய கணக்குகள் திருடர்கள் கைக்குப் போயின. அவர்கள் பெயரிலேயே விஷம் கலந்த மாட்கள் ஏற்றப்பட்டன. ஃபிராக்சரைசர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது பிரவுசரின் குக்கிகளையும் பாஸ்வேர்டுகளையும் எடுத்தது, டிஸ்கார்ட், மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் அடையாளங்களை எடுத்தது, கிரிப்டோ முகவரியை யாராவது காப்பி செய்தால் அதைத் தன் முகவரியாக மாற்றியது. கம்ப்யூட்டரில் இருந்த மற்ற ஜாவா கோப்புகளுக்குள்ளும் புகுந்துகொண்டது. மைன்கிராஃப்ட் மாட் ஜாவாவில் ஓடுவது. வார்கிராஃப்ட் ஆட்-ஆன் மாதிரி அதற்கு வட்டம் எதுவும் போடப்படவில்லை. ‘கேமுக்கு மாட் போடுவது எல்லாம் ஒன்றுதான்’ என்று பையன் நினைத்தால் அது தவறு. ஒரு கேமில் பாதுகாப்பான பழக்கம் இன்னொரு கேமில் கதவைத் திறந்துவைப்பதாக ஆகிவிடும்.

மூன்றாவது சம்பவம் வேறு மாதிரி. 2016இல் கோப்பே எதுவும் இறக்க வைக்காமல் ஆளை மாட்டினார்கள். வார்கிராஃப்ட் சாட்டில் ஒருவர் வந்து அன்பாகப் பேசுவார். ‘உனக்கு உதவுகிறேன், இந்த ஒரு வரியை டைப் செய்’ என்பார். அந்த வரி, சாட்டில் வருகிற வாக்கியங்களில் அதிகப்படி இடைவெளியை நீக்குகிற ஒரு சாதாரண வேலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘வருகிற வாக்கியத்தைக் கட்டளையாக ஓட்டு’ என்கிற வேலையை வைத்துவிடும். அதற்குப் பிறகு அந்த நபர் சாட்டில் அனுப்புவது எல்லாம் உங்கள் கேமுக்குள் கட்டளையாக ஓடும். உங்கள் கதாபாத்திரத்தை அவர் இயக்கலாம். ஜெர்மனியின் ஜி டேட்டா நிறுவனம் இதை அம்பலப்படுத்தியது. இப்போது இப்படிக் கட்டளை போட்டால் கேமே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கைப் பெட்டியில் ‘சரி’ என்று அழுத்துகிற விரல்தான் பிரச்சனை. புதிதாக வந்தவனுக்கு யாராவது உதவி செய்தால் அவனுக்குச் சந்தேகமே வராது. உதவிக்கு வந்தவரை நம்புவது நம் ஊர்ப் பழக்கம், அதை மாற்றிக்கொள்ளச் சொல்லவும் மனது வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கேமில் முன்பின் தெரியாதவர் டைப் செய்யச் சொல்கிற எந்த வரியையும் டைப் செய்யக் கூடாது, அவர் கில்டு என்கிற உங்கள் ஆட்டக் குழுவைச் சேர்ந்தவராக இருந்தாலும்.

ஆட்-ஆன் ஒரு ஜிப் கோப்பாகத்தான் வரும். இப்போது அதைத் திறந்தே பார்த்துவிடலாம். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

முதலில் விண்டோஸில் கோப்பின் முழுப் பெயர் தெரிகிற மாதிரி மாற்றுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ என்ற இடத்தில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் போதும். இதைச் செய்யாவிட்டால் விண்டோஸ் கோப்பின் கடைசி எழுத்துகளை மறைத்துவிடும். ‘கோர் டாட் லுவா டாட் எக்ஸ்இ’ என்று இருப்பது ‘கோர் டாட் லுவா’ என்று சாதுவாகத் தெரியும். இந்த ஒரு மறைப்பை நம்பியே எத்தனையோ திருட்டு நடந்திருக்கிறது.

பிறகு ஜிப்பைப் பிரித்துப் பாருங்கள். ஒழுங்கான வார்கிராஃப்ட் ஆட்-ஆன் என்றால் உள்ளே அதன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் அதே பெயரில் டிஓசி என்று முடிகிற ஒரு கோப்பு. நோட்பேடில் திறந்தால் படிக்க முடிகிற வெறும் எழுத்துதான். மேலே இன்டர்ஃபேஸ் என்று போட்டு ஒரு எண் இருக்கும். கேமின் 11.2.0 பதிப்புக்கு எழுதியது என்றால் 110200. அதற்குக் கீழே தலைப்பு, எழுதியவர் பெயர், ஆட்-ஆனுக்கு வேண்டிய கோப்புகளின் பட்டியல். அந்தப் பட்டியலில் லுவா, எக்ஸ்எம்எல் என்று முடிகிற கோப்புகள் வரும். ஃபோல்டரில் கூடவே படங்களுக்கு டிஜிஏ அல்லது பிஎல்பி, ஒலிக்கு ஓஜிஜி. பெரும்பாலும் அவ்வளவுதான் சாமான். எக்ஸ்இ, டிஎல்எல், பேட், விபிஎஸ், எஸ்சிஆர், எம்எஸ்ஐ என்று முடிகிற ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் அதைத் திறந்து பார்க்கக்கூட வேண்டாம். ஷார்ட்கட் கோப்பு இருந்தாலும் அப்படித்தான். வார்கிராஃப்ட் ஆட்-ஆனுக்கு இவை எதுவும் தேவையில்லை. பேக்கிங் போவதற்கு முன் நீடில் டிடெக்டரில் குழந்தை உடுப்பை விடுகிறோமே, ஒரே ஒரு உடைந்த ஊசி நுனி கத்தினாலும் அந்த பீஸை அங்கேயே ஒதுக்குகிறோமே, அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.

ஜிப்பைப் பார்த்த பிறகு அந்த ஃபோல்டரை நீங்களே எடுத்து, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் ரீடெயில் என்று இருக்கிற இடத்தில், இன்டர்ஃபேஸ், ஆட்-ஆன்ஸ் என்று உள்ளே போய் வைத்தால் வேலை முடிந்தது. இன்ஸ்டால் என்கிற பேச்சே கிடையாது. ஆகவே ‘இந்த ஆட்-ஆனுக்கு செட்டப் ஓட்ட வேண்டும், அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கொடு’ என்று எது கேட்டாலும் அது பொய் சொல்கிறது. ஆட்-ஆன் மேனேஜர் புரோகிராம்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை உண்மையாகவே இன்ஸ்டால் செய்ய வேண்டியவை. அதனால்தான் 2014இல் திருடர்கள் ஆட்-ஆனை விட்டுவிட்டு மேனேஜரைப் போலி செய்தார்கள். தொழில் நடக்கிற கம்ப்யூட்டரில் அந்த மேனேஜரே வேண்டாம் என்பது என் கட்சி. நாலு ஆட்-ஆனைக் கையால் போடுவதற்கு அது எதற்கு?

இன்னொரு அடையாளமும் சொல்ல வேண்டும். 2009 மார்ச்சில் பிளிஸார்ட் ஆட்-ஆன்களுக்கு விதி போட்டது. ஆட்-ஆனைக் காசுக்கு விற்கக் கூடாது, அதன் நிரல் எல்லோரும் படிக்கிற மாதிரி திறந்தே இருக்க வேண்டும், கேமுக்குள் விளம்பரமோ நன்கொடைக் கோரிக்கையோ வரக் கூடாது. எனவே ‘பிரீமியம் ஆட்-ஆன், 300 ரூபாய் ஜிபே பண்ணு’ என்று யாராவது கேட்டால், அவர் திருடரோ இல்லையோ, விதியை மீறுகிறவர் என்பது உறுதி. காசைப் போட வேண்டாம்.

ஆனால் வலை ஜிப்பில் மட்டும் இல்லை, வீடியோவிலும் இருக்கிறது. ‘புதியவர்களுக்கு டாப் 10 ஆட்-ஆன்’ என்று தேடினால் வருகிற வீடியோக்களில் நல்லவை நிறைய உண்டு. கெட்டவையும் கலந்தே வருகின்றன. 2025 அக்டோபரில் செக் பாயிண்ட் நிறுவனம் யூடியூபில் 3,000க்கும் மேற்பட்ட வீடியோக்களை வைத்து இயங்கிய ஒரு கும்பலின் வலையை வெளியே கொண்டுவந்தது. கேம் சீட், கிராக் சாஃப்ட்வேர் தேடுகிறவர்கள்தான் அவர்கள் குறி. ஒரு கணக்கு வீடியோ போடும், வேறு கணக்குகள் கீழே வந்து ‘சூப்பர், எனக்கு வேலை செய்தது’ என்று எழுதும். வீடியோவின் விவரத்தில் லிங்க் இருக்கும். கோப்பு பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக இருக்கும், பாஸ்வேர்டையும் அங்கேயே எழுதியிருப்பார்கள். எதற்கு அந்தப் பாஸ்வேர்டு? பூட்டின ஜிப்புக்குள் ஆன்ட்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான். அடுத்த வரியில் ‘டிஃபெண்டரைக் கொஞ்ச நேரம் ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்று இருக்கும். உங்கள் பையன் எப்போதாவது ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்திருக்கிறானா என்று இன்றைக்கே கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

இதைவிட ஆபத்தான ஒன்று, நான் ரோபோ இல்லை என்று கேட்கிற போலிப் பெட்டி. கோப்பை இறக்கப் போனால் அது வரும். டிக் செய்ததும், ‘சரிபார்க்க விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்’ என்று மூன்று படி சொல்லும். முதல் படியில் ரன் பெட்டி திறக்கும். இரண்டாவதில் நீங்கள் அறியாமலே காப்பி ஆகியிருந்த ஒரு கட்டளை அதில் விழும். மூன்றாவதில் உங்கள் கையாலேயே அதை ஓட்டிவிடுவீர்கள். எந்தத் தளமும் மனிதரா என்று சரிபார்க்க ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. ஒருபோதும் சொல்லாது. லும்மா என்கிற தகவல் திருடி இப்படியும் பரவியது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதன் வலையமைப்பை முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் உலகம் முழுக்க 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததாகச் சொன்னது.

சரி, அப்படி ஒன்று நல்லூர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்தால் என்ன எடுக்கும்? பலர் ‘நெட் பேங்கிங்குக்கு ஓடிபி இருக்கிறதே’ என்கிறார்கள். இருக்கிறது, அது ஓரளவு காப்பாற்றும். பேங்க் தளம் சில நிமிடங்களில் தானாக வெளியேற்றியும் விடும். ஆனால் மெயில்? கம்பெனி மெயில் மாதக்கணக்காகத் திறந்தே கிடக்கிறது. பிரவுசர் அதற்காக ஒரு குக்கியை வைத்திருக்கிறது. அந்தக் குக்கியைத் திருடிக்கொண்டு போனால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். தூரத்தில் இருக்கிற ஒருவன் உங்கள் இன்பாக்ஸை உங்களைப் போலவே படிக்கலாம்.

படித்துவிட்டு உடனே எதுவும் செய்ய மாட்டான், காத்திருப்பான். எந்த ஆர்டர், எத்தனை பீஸ், சரக்கை வாங்குகிற பையர் யார், எந்தத் தேதியில் சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது, பேமெண்ட் எப்போது வரும் எல்லாம் அந்த மெயில்களில் இருக்கிறது. பணம் வரவேண்டிய வாரத்தில் உங்கள் பெயரிலேயே, உங்கள் நடையிலேயே பையருக்கு ஒரு மெயில் போகும். ‘ஆடிட் காரணமாகப் பேங்க் கணக்கு மாறியிருக்கிறது, இந்தக் கணக்கில் போடவும்.’ பையரும் போட்டுவிடுவார். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும், பணம் வந்திருக்காது. பேங்க் கணக்கு எண்ணை மாற்றி அனுப்புகிற இந்த மெயில் மோசடி ஏற்றுமதி ஊர்களுக்குப் புதியதில்லை. எங்களுக்கு ஜாப் ஒர்க் மட்டும்தானே, எக்ஸ்போர்ட் இல்லையே என்று இருப்பவர்களும் யோசித்துப் பாருங்கள். உங்கள் மெயிலிலிருந்து கம்பெனிக்குப் போகிற பில்லில் கணக்கு எண்ணை மாற்றினாலும் இதே கதைதான். டைலருக்கு அந்த வாரச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பது?

ஆகவே எந்த ஆட்-ஆன் நல்லது என்ற கேள்விக்குப் போகும் முன், எந்தக் கம்ப்யூட்டர் என்ற கேள்வியைத் தீர்த்துவிடுங்கள். முடிந்தால் கேமுக்குத் தனி மெஷின், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் விண்டோஸில் பையனுக்குத் தனி யூசர் கணக்கு, அட்மின் உரிமை இல்லாமல். கேமை அந்தக் கணக்கில்தான் ஆட வேண்டும், டேலியும் மெயிலும் அந்தக் கணக்கில் திறக்கவே கூடாது. இது முழுக் காவல் ஆகாது, ஆனால் குக்கிகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்காது. பிரவுசரில் பேங்க் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

ஆட்-ஆன் விஷயத்தில் என் அபிப்பிராயம் கறாரானது. முதல் இருபது லெவல் வரை ஒன்றும் வேண்டாம். கேம் தருகிற திரையிலேயே ஆடிப் பழகட்டும். எடிட் மோட் என்று கேமுக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது, பொத்தான்களையும் பட்டைகளையும் இஷ்டப்படி நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, இது இல்லாமல் கை தடுமாறுகிறது என்று தோன்றுகிற ஒரு வேலைக்கு ஒரு ஆட்-ஆன். பை நிரம்பித் தொல்லை என்றால் பேக்னான். ஏலக்கடையில் விற்க ஆரம்பித்தால் ஆக்ஷனேட்டர். பழைய கிளாசிக் பதிப்பில் குவெஸ்ட் எங்கே என்று தெரியாமல் அலைந்தால் குவெஸ்டி. ஒன்றைப் போட்டு ஒரு வாரம் ஆடிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. மொத்தத் திரையையும் மாற்றிவிடுகிற எல்வியூஐ மாதிரியான பெரிய தொகுப்புகள் புதியவனுக்கு ஆகாது. நல்ல ஆட்-ஆன்தான், ஆனால் ஒரு அப்டேட்டில் உடைந்துபோனால் எந்தப் பொத்தான் கேமுடையது, எது ஆட்-ஆனுடையது என்றே அவனுக்குத் தெரியாது. அப்போது அவசரத்தில் ‘ஃபிக்ஸ்’ என்று தேடுவான். மேலே சொன்ன வலையெல்லாம் அந்தத் தேடலில்தான் காத்திருக்கிறது.

பழைய சிபாரிசுகளிலும் உஷாராக இருக்க வேண்டும், இப்போது ரொம்பவே. சண்டை நேரத்துத் தகவலை ஆட்-ஆன்கள் கணக்குப் போட்டு ஆட்டக்காரருக்குச் சொல்வதை நிறுத்தப்போவதாக 2025இல் பிளிஸார்ட் அறிவித்தது. 2026க்கான மிட்நைட் பதிப்பிலிருந்து அந்த மாற்றம். பல வருடங்களாக எல்லாப் பட்டியலிலும் இடம்பிடித்த வீக்ஆராஸ் ஆட்-ஆனை எழுதுகிறவர்கள், மிட்நைட்டுக்கு அதைக் கொண்டுவரப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடி எவ்வளவு விழுந்தது என்று காட்டுகிற மீட்டர், எதிரியின் அடுத்த அடிக்கான காலக்கோடு போன்றவற்றை நிறுவனமே கேமுக்குள் வைக்கிறது. ஆனால் 2020லும் 2022லும் எடுத்த வீடியோக்கள் இன்னும் இருக்கின்றன. அவை ‘வீக்ஆராஸ் இல்லாமல் ஆடாதே’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பையன் தேடுவான், அசல் தளத்தில் புதிய பதிப்பு இருக்காது, இருக்கிறது என்று சொல்கிற ஏதோ ஒரு தளத்துக்குப் போவான். தேடல் அங்கேயே நிற்க வேண்டும். வீடியோ எடுத்த தேதியைப் பார்க்காமல் எந்தச் சிபாரிசையும் எடுக்கக் கூடாது.

மற்ற கேம்களுக்கு விதி வேறு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் ஆட்-ஆனுக்கு அனுமதி உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் வெளியார் கருவி எதற்குமே அனுமதி கிடையாது, போட்டால் கணக்கையே முடக்க அவர்களுக்கு உரிமை உண்டு. 2025 தொடக்கத்தில் அங்கே பிளேயர்ஸ்கோப் என்று ஒரு கருவி கிளம்பி, ஒரே ஆள் வேறு வேறு பெயரில் வைத்திருக்கிற கதாபாத்திரங்களைச் சேர்த்துக் காட்டிவிட்டது. தொல்லை தருகிறவர்களிடமிருந்து ஒளிந்து வேறு பெயரில் ஆடியவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும், பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் நினைத்துப் பாருங்கள். தயாரிப்பாளரே வெளிப்படையாகக் கண்டித்துப் பேச வேண்டியதாயிற்று. ஒரு கேமுக்குக் கேட்ட யோசனையை இன்னொரு கேமுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஏற்கனவே ஏதோ ஒரு செட்டப்பை ஓட்டியாகிவிட்டது, இப்போதுதான் சந்தேகம் வருகிறது என்றால் நேரத்தைக் கடத்தாதீர்கள். முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ரவுட்டரையே அணையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றக் கூடாது, புதிய பாஸ்வேர்டும் அவன் கைக்கே போகும். வேறொரு போனை எடுத்து, மொபைல் டேட்டாவில், முதலில் கம்பெனி மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றியதும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். திருடிய குக்கி செத்துப்போவது அப்போதுதான், பலர் இந்த ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். மெயிலில் உங்களுக்குத் தெரியாமல் ஃபார்வர்டு செய்கிற விதி ஏதாவது போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து பேங்க், ஜிஎஸ்டி, கடைசியாகக் கேம் கணக்கு. ஆடிட்டருக்கும், வேலை கொடுக்கிற கம்பெனியின் மெர்ச்சண்டைசருக்கும் போனில் சொல்லிவிடுங்கள், ‘எங்கள் கணக்கு எண் மாறவில்லை, மாறியதாக மெயில் வந்தால் நம்பாதீர்கள்’ என்று. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரை சர்வீஸ்காரரிடம் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகே மறுபடி டேலியைத் திறக்க வேண்டும். டேலி பேக்கப் தனி பென்டிரைவில் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

பணம் போயிருந்தால் 1930. நாடு முழுவதற்கும் ஒரே எண், சைபர் மோசடிக்கென்றே இருப்பது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு. அழைக்கும்போது பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகாரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜிப் கோப்பு, வந்த லிங்க், சாட் எதையும் அழிக்க வேண்டாம், போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த வீடியோவில் பார்த்தான், எங்கே அழுத்தினான், டிஃபெண்டரை எப்போது ஆஃப் செய்தான் என்பதெல்லாம் பையன் ஒருவனுக்குத்தான் தெரியும். புகார் எழுதும்போது அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.